சைக்கிள் பாதையில் ஒரு டவுட்

1

கம்பங்களை நட்டு ஒரு வருஷம் முடிந்த அதே வாரத்தில் அவற்றைப் பிடுங்க ஆள் வந்துவிட்டது.

ஜூன் மாதக் காலை. வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மேட்டுச் சாலையின் அடிவாரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். ஒருவர் திருகாணிகளைக் கழற்ற, இன்னொருவர் கம்பத்தைத் தூக்கி லாரிக்குள் எறிந்தார். இடுப்பளவு உயரமுள்ள பிளாஸ்டிக் கம்பங்கள். கார் இடித்தால் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடியும் நிமிர்ந்துகொள்ளும். கார்களுக்கு இந்தப் பக்கம், சைக்கிள்களுக்கு அந்தப் பக்கம் என்று சாலையைப் பிரித்து வைத்திருந்தவை அவைதான். நடுவதற்கு எத்தனை வருஷம் இழுத்தடித்தார்கள்! பிடுங்குவது மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏதாவது வேணுமா?" என்று அவர்களில் ஒருவர் அன்பாகக் கேட்டார்.

இதை நடச் சொல்லி அலைந்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். கோபத்தை இங்கிலீஷில் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. எப்படிச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பது மாதிரியே வெளியே வருகிறது. அதனால் "குட் மார்னிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டில் மிதித்தேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். ஒரு வருஷமாக அந்த இடத்தில் எனக்கு ஹார்ன் சத்தம் கேட்டதில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். ப்ளஸ் டூ படித்தது பெரம்பலூரில். கல்யாணமாகி வந்து பத்து வருஷத்துக்கு மேலாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அவர் வேலைக்குக் கார் இல்லாமல் முடியாது. எனக்கு வேலை மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மருத்துவமனை மேட்டு உச்சியில் இருக்கிறது. பஸ் எப்போதாவது வரும். ஆகவே சைக்கிள்.

ஒருநாள் ஒரு வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி என் முழங்கையில் இடித்துவிட்டுப் போனது. சாலையோரம் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு சைக்கிளில் வந்த வயதான அம்மாள் இறங்கித் தண்ணீர் கொடுத்தார். பெயர் மார்கரெட். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை. "எங்கள் கூட்டத்துக்கு வாயேன்" என்றார். அப்படித்தான் ஊரின் சைக்கிள் குழுவில் சேர்ந்தேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கூடம், ஒரு கெட்டில், ஒரு தட்டு பிஸ்கட், ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான் குழு.

இங்கே கவுன்சிலை, அதாவது நகராட்சியை, யாரும் திட்டுவதில்லை. கவுன்சிலோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பார்கள். சேர்ந்து வேலை செய்வதென்றால், அவர்கள் கருத்துக் கேட்பார்கள், நாம் சொல்ல வேண்டும். பிறகு கேட்ட கருத்தின் மேல் மறுபடியும் கருத்துக் கேட்பார்கள். வௌவாலுக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால், சாலையோர மரங்களில் அது இருக்கிறதா என்று பார்க்க ஆள் வந்தது. கடைக்காரர்கள் தங்கள் வாசலில் கார் நிறுத்த இடம் போய்விடும் என்றார்கள். இந்தத் தெருவின் அழகு கெட்டுவிடும் என்று ஒருவர் கண்ணீர் விடாத குறையாகப் பேசினார். நான் அந்தத் தெருவில் அழகு என்று எதையும் கண்டதில்லை. ஒரு வெற்றிலைக் கடைகூடக் கிடையாது.

என் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. நான் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு அவள் பள்ளி வாசலைக் கடந்து போவது அவளுக்குப் பெரிய அவமானம். "வேற ரோடு வழியா போகக் கூடாதா?" என்று கேட்பாள், இங்கிலீஷில். வேறு ரோடு இருந்தால் நான் ஏன் இந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகிறேன் என்று தமிழில் கத்துவேன். அவளுக்குப் பாதிதான் புரியும். பாதி புரிந்தே கதவைச் சாத்திக்கொள்வாள்.

எப்படியோ போன வருஷம் ஜூனில் கம்பங்களை நட்டார்கள். மேட்டின் பாதி வரைக்கும்தான், அதுவும் சோதனைக்காக. ஆனாலும் நட்டார்கள்.

3

இந்தப் பொங்கலுக்கு லீவு கிடைத்தது. அண்ணன் வீடு அரியலூரில், டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி. அண்ணன் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். அண்ணி கலைச்செல்வி வீட்டிலேயே தையல் தைக்கிறார். அவர்கள் மகள் யாழினி அப்போது ப்ளஸ் ஒன். பள்ளியில் கொடுத்த சைக்கிளில் பெண்கள் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் ப்ளஸ் ஒன் படித்த காலத்தில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன் சக்கரம் வைத்த சாமான் எதுவும் இருந்ததில்லை. அதை ஓட்டிக்கொண்டு பெரிய தெரு வழியாகப் போகாதீர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. போனோம். நினைத்து உருக ஒன்றுமில்லை. பிரேக் பிடிக்காது, பெடல் கழன்று விழும். ஆனால் ரோட்டில் எங்களுக்கும் இடம் உண்டு என்பதை அந்தப் பெடலைப் போட்டு மிதித்துத்தான் கற்றுக்கொண்டோம்.

யாழினிக்குப் பெரிய தெருப் பயம் இல்லை. அவளுக்கு டிப்பர் பயம்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் அந்த ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக வரும். தார்ப்பாய் படபடவென்று அடிக்கும், புழுதி கண்ணை மறைக்கும். நான் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் யாழினியின் வகுப்புத் தோழி கௌசல்யாவின் ஹேண்டில்பாரை ஒரு லாரியின் பின்பக்கம் உரசிவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்துபோனது. லாரி நிற்கவேயில்லை. எந்த லாரி என்று யாருக்கும் தெரியாது. அந்தப் புழுதியில் யார் பார்த்தது?

கௌசல்யாவைப் பார்க்கப் போய்விட்டு வந்த அன்று அண்ணி தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, அதே ரோட்டில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனார்கள். எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. அண்ணி இன்னமும் அங்கே போகவேண்டியிருக்கிறது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

"அந்த லாரி ஓடுனாதான் நம்ம வூட்ல ஒல கொதிக்கும். அதுக்கு எதிரா நீயே போயி நின்னா என்னைய அங்க என்னன்னு பாப்பாங்க?" என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

"லாரி ஓட வேணாம்னு யாரு சொன்னா? புள்ளைவ போற நேரத்துக்கு நிக்கட்டும். போறதுக்கு ஓரமா ஒரு பாத வுடட்டும். இதுல எதிரு என்ன இருக்கு?" என்றார் அண்ணி.

"சொல்றது சுலபம்."

"ஆமா, காலு ஒடைஞ்சதும் சுலபமாத்தான் ஒடைஞ்சுது."

அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "செல்வி, நீ அங்க இதே வேலைதான பாக்குற? நாளைக்கு எங்ககூட வா. ஃபாரின்ல எப்புடிப் போட்டுருக்காங்கன்னு காட்டு. நாங்க சொன்னா ஏறாது, நீ சொன்னா ஏறும்."

4

அலுவலகத்தில் பிரபு என்று ஓர் இளம் பொறியாளர் இருந்தார். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவரோ எங்கள் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். என் செல்போனில் இருந்த மேட்டுச் சாலைப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல எவ்வளவு வுட்டிருக்காங்க மேடம்? மழத் தண்ணி எப்புடிப் போவுது? வண்டி மோதுனா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் குழுவின் முகநூல் பக்கத்தையும் காட்டினேன். அங்கேயே அதில் சேர்ந்துகொண்டார். இங்கே இத்தனை வருஷத்தில் ஒரு கவுன்சில் அதிகாரிகூட மழைத் தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

"பெரியவருகிட்ட இதக் காட்டுறேன். அவருக்கு ஃபாரின்னா ஒரு இது உண்டு. ஒத்துக்குவாரு," என்றார் பிரபு. பெரியவர் என்பது அவருடைய மேலதிகாரி.

ஒத்துக்கொண்டார். நான் இங்கே திரும்பிய பிறகு பிப்ரவரியில் அண்ணி படம் அனுப்பினார். ரோட்டோரமாகப் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு, பள்ளி வாசலிலிருந்து ஓடைப் பாலம் வரைக்கும். அந்தப் படத்தை மார்கரெட்டிடம் காட்டினேன். "நம்முடைய பாதைக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது" என்று சொல்லி, கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தார்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். கோட்டுக்குள் டூவீலர் நின்றது. இளநீர் வண்டி நின்றது. லாரிகள் கோட்டை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பாதை பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் கம்பம் வேண்டும். கம்பம் எப்போது வரும் என்று கேட்டால், வரும் என்றார்கள்.

"சிமெண்ட் ஊர்ல சிமெண்ட் கம்பத்துக்குப் பஞ்சம்," என்றார் அண்ணி.

5

மார்ச்சில் எங்கள் கவுன்சிலில், சோதனைப் பாதையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பேசக் கூட்டம் வைத்தார்கள். பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். மார்கரெட் என்னையும் பேசச் சொன்னார். தினமும் அதில் போகிறவள், மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், நீ பேசினால் எடுபடும் என்றார். இனியாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டாள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பாதை ஏன் மேட்டின் பாதியிலேயே முடிகிறது, மருத்துவமனை வாசல் வரைக்கும் ஏன் வரவில்லை? எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் கை தூக்கி எப்படி ஆரம்பிப்போமோ அப்படியே வாயில் வந்தது.

"சார், ஐ ஹேவ் எ டவுட் அபவுட் திஸ் பாத்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. கடைக்காரர்கள் வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். தலைமையில் இருந்த கவுன்சிலர் முன்னால் சாய்ந்து, "நேர்மையாகச் சொன்னதற்கு மிக்க நன்றி" என்றார். பிறகு நான் கேட்டது எல்லாம் பாதையின் மேல் சொன்ன குறையாகவே அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. நன்றி சொன்னாரே என்று மகிழ்ந்து உட்கார்ந்தேன்.

நமக்கு டவுட் என்றால் கேள்வி. வாத்தியாரிடம் கேட்கும் சந்தேகம். கேட்டுத் தெளிந்தால் தீர்ந்தது. இவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். எத்தனையோ வருஷம் இந்த மொழியில் ரத்தம் எடுத்து, இந்த மொழியில் வரி கட்டி, இந்த மொழியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவளுக்கு இது தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து இனியாதான் செல்போனும் கையுமாக அடுப்படிக்கு வந்தாள். உள்ளூர்ச் செய்தித் தளத்தில் போட்டிருந்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கே பாதையில் நம்பிக்கையில்லை, மருத்துவமனை ஊழியரான ஒரு பெண் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார் என்று.

"மம்மி, இது நீயா?"

படித்தேன். மறுபடியும் படித்தேன். "நான் அப்படிச் சொல்லலடீ."

"நீ டவுட்னு சொன்னியா?"

"சொன்னேன். கேள்வி இருக்குன்னுதான் சொன்னேன்."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "என்னைய கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள்.

"கூப்பிட்டேன். நீதான் வரமாட்டேன்னே."

"சரி, இனிமே வெளியில பேசறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாரு."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. பேச்சு வராத காலத்தில் அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தது நான். இப்போது என் சொற்களை அவள் சரிபார்த்து வெளியே அனுப்ப வேண்டுமாம்.

6

கூட்டக் குறிப்பிலும் அப்படியே ஏறியிருந்தது. திருத்தச் சொல்லிக் கவுன்சிலுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மிக மரியாதையான மனிதர். இங்கே மரியாதைக்கு ஒருநாளும் குறைவில்லை.

"குறிப்பில் தவறு இருந்தால் திருத்துவோம். நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்கிறீர்களா?"

"சொன்னேன். ஆனால் நான் நினைத்தது வேறு."

"சொன்னீர்கள் அல்லவா? ஒலிப்பதிவும் இருக்கிறது. அப்படியானால் குறிப்பு சரியாகத்தான் இருக்கிறது, மேடம்."

"எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கேள்வி என்று அர்த்தம்."

"புரிகிறது. சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதைத்தான் நாங்கள் பதிவு செய்கிறோம். என்ன நினைக்கப்பட்டது என்பதை அல்ல."

சுவாரசியமாக இருக்கிறதாம்! போனை வைத்துவிட்டுப் பரிசோதனைக் கூடத்தின் பின்கட்டில் நின்று அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம்.

மே மாதம் முடிவு வந்தது. கடைக்காரர்களின் ஆட்சேபத்தாலும், பயன்படுத்துவோரிடையே கூடக் கருத்து வேறுபாடு இருப்பதாலும் பாதை நீக்கப்படுகிறது. அந்த 'கூட' நான்தான். கடைக்காரர்களே போதும், என் டவுட் இல்லாவிட்டாலும் பிடுங்கியிருப்பார்கள் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். மார்கரெட் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்" என்று கெட்டிலைப் போட்டார். திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

7

கம்பங்களைப் பிடுங்கிய மறுவாரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. இங்கே காலை, அங்கே மத்தியானம்.

"செல்வி, அங்க கம்பத்தப் புடுங்கிட்டாங்களாமே?"

"உங்களுக்கு யாரு சொன்னா அண்ணி?"

"பிரபு சார்தான். ஒங்க குழுவோட ஃபேஸ்புக் பக்கத்துல படம் பாத்தாராம். அந்தப் பெரியவருக்கும் தெரிஞ்சு போச்சு. லண்டன்லயே ஒத்துவரலன்னு எடுத்துட்டாங்க, அரியலூர்ல எப்புடி ஒத்துவரும்னு கேக்குறாரு. கம்பம் அவ்வளவுதான் போலருக்கு."

இந்த ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் வாசலில் காரை நிறுத்த ஆசைப்பட்டதற்கு அரியலூரில் யாழினி டிப்பருக்குப் பக்கத்தில் போகவேண்டுமா?

பிரபுவிடம் வீடியோவில் பேசினேன். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஐ ஹேவ் எ டவுட் என்று நான் சொன்ன இடம் வந்ததும் அவர் நிறுத்தினார்.

"டவுட்டுன்னா கேள்விதான மேடம்? அதுல அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

இந்த விவகாரம் முழுவதிலும் என் இங்கிலீஷ் புரிந்த ஒரே அதிகாரி அரியலூரில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

"இத உங்க பெரியவர்கிட்ட சொல்லுங்களேன் சார்."

"சொல்றேன். ஆனா அவருக்கு வேண்டியது ஒரு காரணம் மேடம். போன தடவ போடறதுக்குக் காரணம் கெடச்சுது, போட்டாரு. இப்ப போடாததுக்குக் கெடச்சிருக்கு."

"இது லண்டன் இல்ல, சின்ன ஊருன்னாவது சொல்லுங்க."

"அவருக்கு எல்லாமே லண்டன்தான் மேடம்."

அண்ணியிடம் இதைச் சொன்னேன். "சரி வுடு. அங்க எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. இந்த ரோட்ட அவங்க வந்தா பாத்தாங்க?" என்றார். வைத்துவிட்டார்.

8

அடுத்து நடந்ததை யாழினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பள்ளி விடும் நேரத்துக்கு அண்ணியும் மற்றத் தாய்மார்களும் பிரபுவைப் பள்ளி வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறார். அண்ணி யாழினியின் சைக்கிளைக் கொண்டுபோய் அவர் முன்னால் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாராம்.

"என்னங்க இது?"

"ஓட்டிப் பாருங்க சார். பாலத்தத் தாண்டி எங்க வூடு வரைக்கும். யாழினி, கௌசல்யாவோட சைக்கிள எடுத்துக்கிட்டு முன்னால போவா. நீங்க பின்னாலயே போங்க."

"நான் ஜீப்புல பாத்துருக்கேங்க இந்த ரோட்ட."

"ஜீப்புல பாத்தா ஜீப்புக்குத்தான் சார் ரோடு தெரியும்."

பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரபு பேன்ட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுருட்டி விட்டுக்கொண்டு ஏறிவிட்டார். பாலம் வரைக்கும் கோட்டுக்குள் போனார். நின்றிருந்த டூவீலர்களைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வருவதும் மறுபடி உள்ளே போவதுமாக இருந்தார். பாலத்தில் பின்னாலிருந்து டிப்பரின் ஏர் ஹார்ன். யாழினி பழக்கத்தில் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிரபுவுக்கு ஒட்டத் தெரியவில்லை. லாரி காற்றோடும் புழுதியோடும் உரசிக்கொண்டு போனது. சைக்கிள் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக் கை சுவரில் உராய்ந்து கிழிந்திருந்தது.

யாழினி இறங்கி வந்து சைக்கிளை நிமிர்த்தினாள்.

"தினமுமா இப்புடி வரீங்க?" என்றாராம்.

"ஆமா சார். மழ பேஞ்சா இன்னும் மோசம். பள்ளம் தெரியாது."

அதற்கப்புறம் அவர் ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்தார். அண்ணியிடம், "நான் இன்னைக்கே எழுதி அனுப்புறேங்க" என்றார்.

"எழுதுனதெல்லாம் போதும் சார். கம்பத்த நடுங்க."

பிரபு ஜீப்பில் ஏறிவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்த அண்ணனுக்கு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தது. பெரிய சண்டை வரும் என்று யாழினி பயந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாளாம். அண்ணன், "அந்தாளு கீழ வுழுந்துட்டானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார் என்று அண்ணி சொன்னார். "பாலத்துக்கிட்ட எங்க டிரைவர்ங்களே பயப்படுவாங்க" என்றாராம் அண்ணன். எங்கள் அண்ணன் கட்சி மாறினால் இவ்வளவு சத்தம்தான் வரும்.

ஜூலைக் கடைசியில் கம்பங்கள் வந்தன. பிளாஸ்டிக் இல்லை, கறுப்பும் வெள்ளையும் அடித்த குட்டையான சிமெண்ட் கம்பங்கள். பள்ளியிலிருந்து பாலம் வரைக்கும். பெரியவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று பிரபுவிடம் கேட்டேன். கிழிந்த சட்டையோடவே போய் நின்றேன் மேடம் என்றார். லாரிகள் பள்ளி நேரத்தில் வரக் கூடாது என்று ஒரு போர்டும் வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் நிற்கும் நாளில் லாரிகள் போர்டைப் படிக்கின்றன. நிற்காத நாளில் படிப்பதில்லை. கம்பத்தில் ஒன்றை ஏற்கெனவே ஒரு லாரி சாய்த்துவிட்டது. தாய்மார்களே கடப்பாரை எடுத்துப்போய் நிமிர்த்தி நட்டார்கள். கௌசல்யா இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். கால் சேர்ந்துவிட்டது, ஏறத்தான் மனம் வரவில்லையாம்.

9

அண்ணி செய்ததைக் கேட்டு எனக்கும் வேகம் வந்தது. எங்கள் கவுன்சிலரை மேட்டுச் சாலையில் என்னோடு ஒருநாள் சைக்கிளில் வரச் சொல்லிக் குழுவின் சார்பில் அழைத்தேன். இனியாதான் இங்கிலீஷைப் பார்த்துக் கொடுத்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, நன்றாக இருக்கிறது என்றாள். பதிலும் வந்தது. அழைப்புக்கு மகிழ்ச்சி, ஆனால் பாதுகாப்பான பாதை இல்லாத அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது தமக்கு உசிதமாகப் படவில்லை என்று எழுதியிருந்தார். இனியா அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அவருக்கே இது புரியலையா?" என்று கேட்டாள். அடுத்த நாள் மாலை குழுவின் கூட்டத்துக்கு நான் கிளம்பியபோது அவளும் செருப்பை மாட்டினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாள் என்று பயம். அங்கே போய் மூலையில் உட்கார்ந்து செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையைப் பற்றி மறுபடி பேசுவதென்றால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் என்று மார்கரெட் செய்தி கொண்டுவந்திருந்தார்.

நேற்றுக் காலை மேட்டுச் சாலையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது அண்ணியிடமிருந்து அழைப்பு. ஓரமாக நிறுத்தி எடுத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு வரைக்கும் உள்ள ரோட்டில் இன்னும் கோடும் இல்லை, கம்பமும் இல்லை. பிரபுவிடம் கேட்டால், பாலத்தோடு அவர்கள் எல்லை முடிகிறதாம். அதற்கப்பால் வேறு அலுவலகம், பெரம்பலூரில் இருக்கிறதாம்.

"அங்க யாரையும் தெரியாது. முதல்லேருந்து சொல்லணும்," என்றார் அண்ணி.

"எத்தன பேரு போறீங்க?"

"ஒரு ஆட்டோ கொள்ற அளவுக்கு. ஒங்க அண்ணன்கூட லீவு போட்டுட்டு வரேன்னுட்டாரு. பெரம்பலூரு நீ படிச்ச ஊருதான, ஒனக்குத் தெரியாத சந்தா பொந்தா? நாளைக்குக் காலைல கெளம்புறோம். நீ வரியா?"

பக்கத்துத் தெருவில் இருப்பவளைக் கூப்பிடுவது போலத்தான் கேட்டார். தையல் மெஷின் ஓடும் சத்தமும் யாழினி யாரையோ அதட்டும் சத்தமும் போனில் கேட்டன. எனக்குப் பின்னால் ஒரு பஸ் நகர முடியாமல் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வரேன் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

அண்ணிக்கும் அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்திருக்க வேண்டும்.

"அட, நான் ஒருத்தி," என்றார். "சரி, நீ வேலைக்குப் போ. போயிட்டு வந்து சொல்றேன்."

பஸ்ஸுக்கு வழி விட்டேன். அது போன பிறகும் கொஞ்ச நேரம் ஏறாமல் நின்றேன்.